மணவறையும் வில்லையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இவ்விழாவில் பேசுவோர் ஒவ்வொருவரும் இலக்கியத்துக்குப் புறத்தே உள்ள ஒரு கலையை எடுத்துக்கொண்டு, அதனை இலக்கியக் கண்ணோடு நோக்க வேண்டும் என்று விழாக் குழுவினர் பணித்தனர். இசை, நடனம், சிற்பம் ஆகியவற்றைப் பிறர் எடுத்துக்கொண்டனர். நான் ஒளிப்படக் கலையை எடுத்துக்கொண்டேன். அதிலும் திருமண ஒளிப்படம். அதிலும், திருமணத்துக்குச் செல்லும் ஒளிப்படக் கலைஞர் எந்த வில்லைகளைத் தம் பையில் எடுத்துவைப்பது என்னும் ஒரு சிறு கூறு. வில்லை என்று நான் சொல்வது, வழக்கில் நாம் லென்ஸ் என்று சொல்வதையே ஆகும். உறவினர் இல்லத் திருமணங்களில் கருவி ஏந்தி நின்ற பட்டறிவும், அத்தொழிலில் இருப்போரிடம் கேட்டறிந்தவையும் இவ்வுரைக்கு அடிப்படை.

இது இலக்கிய வட்டத்தில் பேசத்தக்க பொருளா என்று சிலர் எண்ணக்கூடும். திருமண வீடுகளில் நாம் எல்லோரும் கேட்ட ஒரு குறையிலிருந்து தொடங்குகிறேன். "தாலி கட்டியதை எங்கே பார்த்தோம்? கேமராக்காரர் முதுகைத்தான் பார்த்தோம்" என்பது அக்குறை. பயணம் செய்து வந்து, விடியுமுன் எழுந்து, முன்வரிசையில் இடம்பிடித்து அமர்ந்த பெரியவர்கள், கெட்டிமேளம் ஒலிக்கும் அந்தக் கணத்தில் மணமகளின் முகத்தைக் காண இயலாமற் போகின்றது. அட்சதையை யார்மேல் தூவுகிறோம் என்று தெரியாமலே தூவுகின்றனர். ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்ய வந்தவரே அந்நிகழ்ச்சியை மறைத்துவிடுகிறார்.

இதனை அந்தக் கலைஞரின் பண்புக் குறை என்று நாம் கடிந்துகொள்கிறோம். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அவர் அங்கே நிற்க வேண்டிய கட்டாயம், பெரும்பாலும் முதல்நாள் இரவே, அவர் பையை அடுக்கிய வேளையிலேயே முடிவாகிவிட்டது. வில்லையைத் தேர்பவர் தாம் நிற்கும் இடத்தையே தேர்கிறார். அவர் நிற்கும் இடம், யார் காண்பர், யார் காணார், யார் முகம் பதியும், யார் முகம் விடுபடும் என்பவற்றைத் தீர்மானிக்கின்றது. இவ்வுரையில் நான் நிறுவ விரும்புவது இதுவொன்றே.

எண்கள் சொல்லும் செய்தி

வில்லையின்மேல் பொறிக்கப்பட்டுள்ள எண்களுள் இரண்டு மட்டுமே நமக்குத் தேவை. முதலாவது குவியத் தூரம், மில்லிமீட்டரில் குறிக்கப்படுவது. 24, 35, 50, 85, 135, 200 என ஏறிச்செல்லும் இவ்வெண் சிறிதாயின் பார்வை விரியும். பெரிதாயின் பார்வை குறுகும், தொலைவில் உள்ளது அருகே வரும். இரண்டாவது ஒளி புகும் துளையின் அளவு. எஃப் என்னும் எழுத்தோடு வருவது. இவ்வெண் சிறிதாயின் துளை பெரிது. புகும் ஒளியும் மிகுதி.

இங்கு நான் தரும் கணக்குகள், பழைய 35 மி.மீ. படச்சுருளின் சட்டத்தைப்போல 36 மி.மீ. நீளமும் 24 மி.மீ. உயரமும் கொண்ட சென்சாருக்கு உரியவை. 'ஃபுல் ஃபிரேம்' என்று கடைகளில் சொல்வது இதனையே. சென்சார் அதனினும் சிறிதாயின் பார்வை மேலும் குறுகும். அத்தகைய கருவிகள் பலவற்றில் 50 மி.மீ. வில்லை ஏறத்தாழ 75 அல்லது 80 மி.மீ. வில்லைபோல் செயற்படும்.

படத்துள் அடங்கும் அகலத்தை அறிவது எளிது. தொலைவை 36ஆல் பெருக்கிக் குவியத் தூரத்தால் வகுத்தால் அகலம் கிடைக்கும். மணமக்களும் அவர்களை ஒட்டிய சிறிது இடமுமாக 2 மீட்டர் அகலத்தைப் படத்துள் அடக்க வேண்டும் என்று கொள்வோம். 24 மி.மீ. வில்லை வைத்திருப்பவர் 1.3 மீட்டர் தொலைவில் நிற்க வேண்டும். 35 மி.மீ. ஆயின் ஏறத்தாழ 2 மீட்டர், 50 மி.மீ. ஆயின் 2.8 மீட்டர், 85 மி.மீ. ஆயின் 4.7 மீட்டர், 135 மி.மீ. ஆயின் 7.5 மீட்டர், 200 மி.மீ. ஆயின் 11 மீட்டர்.

இவ்வெண்களை மண்டபத்தில் வைத்துப் பாருங்கள். 1.3 மீட்டர் என்பது ஓமகுண்டத்தின் விளிம்பு. அங்கே நிற்பவரின் முதுகு அவை முழுவதையும் மறைக்கும். 4.7 மீட்டர் என்பது பெரும்பாலான மண்டபங்களில் மேடையின் கீழே, முதல் வரிசைக்கு முன்னுள்ள இடைவெளி. 11 மீட்டர் என்பது விருந்தினர் நடுவே ஓர் இருக்கை. ஒரே காட்சிதான், வில்லை மாற மாற, கலைஞர் வேள்வித்தீயின் அருகிலிருந்து அவையோர் நடுவுக்குப் பெயர்ந்துவிடுகிறார்.

இதனோடு சேர்த்து அறிய வேண்டியது ஒன்று உண்டு. முகத்தின் வடிவம் படத்தில் திரிவதற்குக் காரணம் வில்லை என்று பலரும் எண்ணுவர். உண்மையில் அதற்குக் காரணம் தொலைவே. மூக்கின் நுனிக்கும் காதுக்கும் இடையே 12 செ.மீ. ஆழம் உண்டு என்று கொண்டால், அரை மீட்டர் அருகிலிருந்து எடுக்கும்போது, காதோடு ஒப்பிட மூக்கு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிகையாகப் பெருத்துத் தோன்றும். 2 மீட்டர் தொலைவிலிருந்து எடுத்தால் அம்மிகை ஆறு விழுக்காடே. அகன்ற பார்வையுடைய வில்லை, முகத்தைச் சட்டத்துள் நிரப்புவதற்காக நம்மை அருகே இழுத்துச் செல்கின்றது. திரிபு அந்த நெருக்கத்தால் வருவது.

தொல்காப்பியர் தரும் வரிசை

எந்தெந்த வில்லை வேண்டும் என்று சிந்திக்கையில் எனக்குத் துணைநின்றது தொல்காப்பியத்தின் அகத்திணையியல். அகப்பாடலின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தவர் தொல்காப்பியர். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் உள்ள தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள். மாந்தர் உள்ளத்து ஒழுக்கம் உரிப்பொருள். பாடலுள் பயின்றுவருமிடத்து, முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறந்தன என்று உரையாசிரியர் விளக்குவர். முதலும் கருவும் இல்லாமல் உரிமட்டும் நிற்கும் பாடல்கள் உண்டு. உரி இல்லாமல் அகப்பாடல் இல்லை.

திருமணத்தைப் பாடிய சங்கப் பாடல் ஒன்றிலும் இம்மூன்றனைக் காணலாம். அகநானூற்றின் 86ஆம் பாடல் நல்லாவூர் கிழார் பாடியது. உழுந்திட்டுச் சமைத்த உணவும், வரிசையாகக் கால்கள் நட்ட பெரும்பந்தலும், பரப்பிய மணலும், ஏற்றிய விளக்கும், தொங்கவிட்ட மாலையும், இருள் நீங்கும் வைகறையும் முதலிற் சொல்லப்படுகின்றன. அடுத்து, குடமும் கலமும் ஏந்திய மகளிரும், மக்களைப் பெற்ற மங்கல மகளிர் நால்வர் மணமகளை வாழ்த்தி நீராட்டுவதும் வருகின்றன. பூவிதழும் நெல்லும் அவள் கூந்தலில் ஒட்டித் தங்குகின்றன. இறுதியில், புத்தாடையால் மூடிய அவள் முகம். பந்தலில் தொடங்கிய பார்வை படிப்படியாக நெருங்கி ஒரு முகத்தில் வந்து நிற்கின்றது. ஒளிப்படக் கலைஞர் திருமண நாளில் செய்ய வேண்டிய வேலையும் இதுவே.

முதற்பொருளுக்கு: அகன்ற பார்வை

இடத்தையும் பொழுதையும் காட்ட 24 மி.மீ. அளவிலான வில்லை தக்கது. வாழைமரம் கட்டிய வாயில், கோலமிட்ட முற்றம், ஆட்கள் வருமுன் வெறுமையாய்க் கிடக்கும் மண்டபம், பந்தி தொடங்குமுன் விரித்த இலைகளின் வரிசை ஆகியன இதற்கு உரியவை. கெட்டிமேளத்தின்போது நூறு கைகள் ஒருசேர உயரும் காட்சியும் இதற்கே உரியது. ஆனால் அக்காட்சியை எடுக்க நிற்க வேண்டிய இடம் மேடை அன்று. மண்டபத்தின் பின்புறமோ மாடிப்படியோ ஆகும். அகன்ற பார்வையை அருகிருந்து பயன்படுத்துவதே அவையை மறைக்கும் பழக்கத்துக்கு வேர். தொலைவிலிருந்து பயன்படுத்தினால் அவையே படத்துள் வந்துவிடும்.

16 மி.மீ. வில்லை மண்டபத்தைப் பெரிதாகக் காட்டும் என்பதற்காகச் சிலர் விரும்புவர். அதன் ஓரங்களில் நிற்பவர் பக்கவாட்டில் இழுக்கப்பட்டு அகன்று தோன்றுவர். குழுப்படத்தில் ஓரத்தில் நிற்பவர் பெரும்பாலும் யார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நடுவில் மணமக்கள், இருபுறமும் பெற்றோர், ஓரத்தில், கூச்சத்தோடு வந்து சேர்ந்துகொண்ட ஒன்றுவிட்ட சித்தியோ வீட்டில் வேலை செய்யும் அம்மாவோ. அவர்களுக்கு வாய்த்த ஒரே படத்தில் அவர்களின் உருவம் திரிந்துவிடுகின்றது. 6 மீட்டர் அகலமுள்ள குழுவை 24 மி.மீ. வில்லையால் 4 மீட்டரிலிருந்தும், 35 மி.மீ. வில்லையால் ஏறத்தாழ 6 மீட்டரிலிருந்தும் எடுக்கலாம். இடம் இருக்குமானால் இரண்டடி பின்னே செல்வது மட்டும் போதாது; ஆறடி பின்னே சென்று 35 மி.மீ. வில்லையால் எடுப்பதே ஓரத்தில் நிற்பவர்க்குச் செய்யும் நீதி.

கருப்பொருளுக்கு: மனிதக் கண்ணின் அளவு

35 அல்லது 50 மி.மீ. வில்லை, நாம் ஒருவரோடு நின்று பேசும் தொலைவுக்கு ஏற்றது. தொல்காப்பியர் கூறும் கருப்பொருள் வரிசையில் பலவும் இன்றும் நம் திருமணத்தில் உள்ளன. குலதெய்வத்துக்கு ஏற்றிய விளக்கு, இலையில் படைத்த உணவு, மணவறையின் அரசாணிக்கால், நாகசுரமும் தவிலும், பின்கட்டில் நடக்கும் சமையல்தொழில் என ஒவ்வொன்றும் அங்கே இருக்கின்றது. ஆனால் நம் இல்லங்களின் ஆல்பங்களைப் புரட்டினால், தவில்காரரின் கைவிரல்களில் மாட்டிய கூடுகளையோ, அண்டாவின் முன் வியர்வையோடு நிற்கும் சமையற்காரரையோ காண்பது அரிது. மேடையை விட்டு நகராதவருக்கு அவை கிட்டா.

சமையற்கட்டு நெரிசலானது, அங்கே நீண்ட வில்லைக்கு இடமில்லை. 35 மி.மீ. வில்லையோடு 2 மீட்டர் தொலைவில் நின்றால் ஆளும் அடுப்பும் அண்டாவும் ஒருங்கே அடங்கும். அத்தொலைவில் நிற்பவர், எடுக்கப்படுபவரிடம் ஒரு சொல் பேசாமல் நிற்க இயலாது. "ஐயா, ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்க வைக்கும் வில்லை இது. அதுவே இதன் சிறப்பு.

மருதாணிக் கை, மஞ்சள் சரட்டில் கோத்த தாலி ஆகிய சிறு பொருள்களை மிக அருகில் எடுப்பதற்கென்றே 100 மி.மீ. அளவில் தனி வில்லை உண்டு, மேக்ரோ என்பர். அழகிய படங்களைத் தரும். எனினும் நாள் முழுவதும் அதற்கு வேலை பத்து நிமிடமே. நகையும் விரலும் சிறப்பாக வேண்டும் என்று வீட்டார் கேட்டாலன்றி, அதனைச் சுமக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

உரிப்பொருளுக்கு: தொலைவில் நின்று நெருங்குவது

முகத்துக்கு உரியது 85 முதல் 135 மி.மீ. வரையிலான வில்லை. இதன் வரலாறே முகத்தோடு தொடங்குவது. தாகேர் தம் ஒளிப்பட முறையை 1839இல் உலகுக்கு வெளியிட்டபோது, வில்லைகள் ஒளியைப் போதிய அளவு உள்ளே விடவில்லை. ஒருவர் முகத்தைப் பதிய அவர் நெடுநேரம் அசையாதிருக்க வேண்டியிருந்தது. வியன்னாவில் ஜோசப் பெட்ஸ்வால் என்னும் கணித அறிஞர் 1840இல் எஃப் 3.6 அளவிலான வில்லையை வடிவமைத்தார். முகத்தை எடுப்பதற்கென்றே கணக்கிட்டு அமைக்கப்பட்ட அவ்வில்லை, அக்காத்திருப்பைப் பெரிதும் குறைத்தது.

85 மி.மீ. வில்லையை எஃப் 1.8 என்னும் அளவில் திறந்து 2 மீட்டர் தொலைவில் உள்ள முகத்தை எடுத்தால், தெளிவாகப் பதியும் ஆழம் ஏறத்தாழ 6 செ.மீ. மட்டுமே. கண் தெளிவாக இருக்கும். பின்னால் உள்ள வண்ணவிளக்குகளும் நாற்காலிகளும் கரைந்துவிடும். தனிமுகத்துக்கு இது நன்மை. மணமகன் குனிந்து முடிச்சிடும்போது இருவர் முகமும் ஒரே தளத்தில் இரா. ஒருவர் தெளிவாகவும் மற்றவர் மங்கலாகவும் பதிவர். எனவே முகூர்த்த நேரத்தில் துளையை எஃப் 4 அளவுக்குச் சுருக்குவது வேண்டும். ஓமத்தீக்கு அப்பால் உள்ள முகத்தை நீண்ட வில்லையால் எடுப்போர், தீயின்மேல் எழும் வெப்பக்காற்று உருவை நெளியச் செய்யும் என்பதையும், புகை வண்ணத்தை வெளிறச் செய்யும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். ஓரடி விலகித் தீயைப் பக்கவாட்டில் விட்டால் இரண்டும் நீங்கும்.

இவ்வில்லையின் உண்மைப் பயனை நான் கண்டது மேடையில் அன்று, மேடைக்கு எதிர்த்திசையில். நம் திருமணங்கள் பலவற்றில் மேடைக்கு அழைக்கப்படாதவர் உண்டு. கணவனை இழந்த தாய், தன் மகளுக்கே தாலி ஏறும் நேரத்தில், மங்கலக் குறை வந்துவிடும் என்று தானே ஒதுங்கித் தூணருகே நிற்கிறாள். அவ்வழக்கம் தவறு என்பதில் எனக்கு ஐயமில்லை; அவளை மேடைக்கு அழைப்பதே அறம். அவ்வாறு அழைக்காத வீட்டில், அவள் முகத்தைப் பதிவு செய்ய வல்லவர், அவையின் நடுவே 85 அல்லது 135 மி.மீ. வில்லையோடு இருந்து, அந்தக் கணத்தில் மேடைக்கு முதுகைத் திருப்பத் துணிந்தவர் ஒருவரே. அப்படம் இல்லாத ஆல்பத்தில் அந்தத் திருமணத்தின் உரிப்பொருள் பாதி விடுபட்டது என்றே நான் கொள்வேன்.

இதில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். தொலைவிலிருந்து ஒருவர் அழுவதை அவர் அறியாமல் எடுக்கும் வில்லை, அவர்மீது ஓர் உரிமையை எடுத்துக்கொள்கிறது. அவ்வகைப் படங்களை அவருக்கும் அவர் வீட்டார்க்கும் முதலிற் காட்டி, இசைவு பெற்ற பின்னரே பிறர்க்குக் காட்ட வேண்டும். 35 மி.மீ. வில்லை எடுக்குமுன் கேட்க வைக்கின்றது, 135 மி.மீ. வில்லையைப் பயன்படுத்துவோர் எடுத்தபின்னாவது கேட்டாக வேண்டும்.

விளக்கொளியும் துளையும்

முகூர்த்தம் விடியற்காலையில் வைக்கப்படும் திருமணங்களில் ஒளியே பெருஞ்சிக்கல். கருவியோடு சேர்த்து விற்கப்படும் எளிய ஜூம் வில்லை, முழு நீளத்துக்கு நீட்டினால் பெரும்பாலும் எஃப் 5.6 அளவே திறக்கும். விலை குறைந்த 50 மி.மீ. எஃப் 1.8 வில்லை அதனைக் காட்டிலும் ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். தொழில்முறைக் கலைஞர் விரும்பும் 24-70, 70-200 மி.மீ. எஃப் 2.8 ஜூம்கள் நடுவில் நிற்பன, எஃப் 1.4 வில்லையோடு ஒப்பிட அவற்றில் புகும் ஒளி நான்கில் ஒரு பங்கு. முடிச்சிடும் விரல்களின் அசைவை நிறுத்த ஒரு நொடியில் இருநூறில் ஒரு பங்கு வேகமாவது வேண்டும். கை நடுக்கத்தைத் தடுக்கும் அமைப்பு இன்றைய கருவிகளில் உண்டு. எடுப்பவர் கைக்கு அது உதவும், எடுக்கப்படுபவர் கை அசைந்தால் உதவாது.

ஒளி போதாதபோது பிளாஷை எரிப்பது எளிய வழி. ஆனால் குத்துவிளக்கின் பொன்னிறமும், தீயின் செம்மையும், அவை படிந்த முகத்தின் நிறமும் அவ்வெள்ளொளியில் அழிந்துவிடும். பிறகு அது எந்த மண்டபத்தில் எந்த வேளையில் நடந்த திருமணம் என்று சொல்ல இயலாது. பொழுது போய்விட்டால் முதற்பொருளில் பாதி போயிற்று. பெருந்துளை வில்லை ஒன்றேனும் பையில் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனாலேயே.

திருமணந்தோறும் வேறுபாடு

எல்லாத் திருமணத்துக்கும் ஒரே பை பொருந்தாது. திருப்பரங்குன்றம் போன்ற திருத்தலங்களில் முகூர்த்த நாளில் பல இணைகள் அடுத்தடுத்து மணம் செய்துகொள்வர். கல்தூண்களுக்கு இடையே நெரிசல். அங்கே 70-200 மி.மீ. வில்லையைத் தூக்கினால் முன்னிற்பவர் தோளே பதியும், 35 மி.மீ. வில்லையே துணை.

தமிழகத்தில் 1967ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் ஏற்பளிக்கப்பட்ட சுயமரியாதைத் திருமணத்தில், வேள்வியும் புகையும் இல்லை. மாலை மாற்றுதலும் உறுதிமொழியும் வாழ்த்துரைகளும் உண்டு. பேசுவோர் முகமும், கேட்கும் மணமக்களின் முகமும் அங்கே முதன்மை பெறுவன. நீண்ட வில்லையோடு அவையின் பக்கவாட்டில் அமர்ந்துவிடலாம். தேவாலயத்தில் பீடம் வரையுள்ள நீண்ட நடைபாதையும் வழிபாட்டின் அமைதியும் கலைஞரைத் தொலைவிலேயே நிறுத்தும். அங்கேயும் நீண்ட வில்லையும் பெருந்துளையும் வேண்டும். நிக்காஹ் நிகழ்ச்சியில் ஆடவரும் மகளிரும் தனித்தனி இடங்களில் இருக்கும் வழக்கம் உள்ள வீடுகளில், மகளிர் பகுதிக்குச் செல்லத்தக்கவர் ஒரு பெண் கலைஞர்; அவ்வறைகள் பெரும்பாலும் சிறியன, எனவே 35 மி.மீ. போதும். முதல்நாளே இடத்தைச் சென்று பார்த்து, காலடியால் அளந்து, எங்கே நிற்க இசைவு உண்டு என்று கேட்டறிந்த பின்னரே பையை அடுக்குதல் முறை.

எடுத்துச் செல்வனவும் விட்டுச் செல்வனவும்

இனி என் முடிவைச் சொல்கிறேன். தனியொருவராகச் செல்லும் கலைஞர்க்கு இரண்டு கருவிகளும், ஒன்றில் 35 மி.மீ., மற்றொன்றில் 85 மி.மீ. வில்லையும் போதும். அகன்ற காட்சிகளுக்கென 24 மி.மீ. வில்லையொன்றைப் பையில் வைத்துக்கொள்ளலாம். இரண்டு கருவிகள் எதற்கு என்றால், மூன்று முடிச்சு ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்; வில்லையைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பவர்க்காகத் தவில் காத்திராது. ஒன்று பழுதானால் மற்றொன்று கைகொடுக்கும் என்பதும் ஒரு பயன். வாங்க இயலாதவர் ஒருநாள் வாடகைக்கு எடுக்கலாம். கடன்பட்டுப் பெருவிலை வில்லைகளை வாங்கிக் குவிக்கும் இளைஞர்க்கு இதனை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

முகூர்த்தத்தின்போது நிற்க வேண்டிய இடத்தையும் சொல்லிவிடுகிறேன். 7 மீட்டர் தொலைவில் அவையில் இருந்தால் போதும் என்று கணக்கு சொன்னாலும், அந்நேரத்தில் உற்றார் எழுந்து மணமக்களைச் சூழ்ந்துகொள்வர். அவையிலிருந்து ஒன்றும் தெரியாமற் போகலாம். எனவே மேடையின் பக்கவாட்டு மூலையில், 35 மி.மீ. வில்லையோடு, முழந்தாளிட்டு அமர்ந்து, முடியும்வரை இடம்பெயராதிருத்தல் நன்று. 85 மி.மீ. வில்லையுள்ள கருவி தோளில் இருக்கட்டும். முடிச்சு முடிந்ததும் அவையோர் முகங்களை நோக்கித் திரும்பட்டும். இருவர் சென்றால் ஒருவர் மூலையிலும் மற்றவர் அவை நடுவிலும் நிற்கலாம். மணமக்களுக்கு நேர்முன்னே யாரும் நிற்க வேண்டியதில்லை. அந்த இடம் அவையோருக்கு உரியது.

சிறு செய்திகள் சில. அட்சதை தூவும்போது மஞ்சளரிசி கண்ணாடியில் படாமல் காக்க, வில்லையின் முனையில் மாட்டும் மறைப்பு உதவும். குளிரூட்டிய அறையிலிருந்து புழுக்கமான வெளிக்காற்றுக்கு வந்தவுடன் வில்லையில் ஆவி படியும். கருவியை மூடிய பையிலேயே அரைமணி நேரம் வைத்துப் பிறகு எடுத்தால் படியாது.

"ஒரே ஜூம் எல்லாவற்றையும் செய்யுமே" என்பார்க்கு விடை கூற வேண்டும். 24-70 மி.மீ. ஜூம் நல்ல கருவியே. குறுகிய நேரத்தில் பல நிகழ்ச்சிகள் வரும் வீட்டில் அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் ஜூமைத் திருகுவோர் நடப்பதை மறந்துவிடுவர். தொலைவால் வரும் முகவேறுபாட்டைத் திருகுதலால் பெற இயலாது.

"கைப்பேசி இருக்கையில் இவையெல்லாம் எதற்கு?" என்பார்க்கும் ஒரு சொல். கைப்பேசிகளின் முதன்மைக் கண் பெரும்பாலும் 24 முதல் 28 மி.மீ. வரையிலான வில்லைக்கு ஒப்பான அகன்ற பார்வை உடையது. முகம் பெரிதாக வேண்டும் என்போர் மேடையை நெருங்கியே ஆக வேண்டும். முகூர்த்த நேரத்தில் கைப்பேசிகள் மேடையை மொய்ப்பதற்கு ஆர்வம் ஒரு காரணம்; அந்தச் சிறு கண்ணாடியின் கணக்கு மற்றொரு காரணம். அதனை அறிந்தவராவது, இருக்கையில் அமர்ந்து தம் கண்ணால் காணலாம்.

நிறைவாக

அகநானூற்றுப் பாடலுக்கு மீண்டும் வருகிறேன். அத்திருமணக் காட்சியைச் சொல்பவன் தலைவன். எப்போது சொல்கிறான்? மணநாளில் அன்று. பின்னொரு நாள், ஊடலால் தோழி அவனுக்கு வாயில் மறுத்து நிற்கும்போது, அந்தப் பழைய நாளை நினைவுகூர்ந்து சொல்கிறான். பந்தலும் மணலும் விளக்கும் நால்வர் மகளிரும் கூந்தலில் ஒட்டிய நெல்லும் அவனுக்கு நினைவிருக்கின்றன. அவள் முகம் நினைவிருக்கின்றது. அந்நினைவையே துணையாகக் கொண்டு அவன் வாயிலில் நிற்கிறான்.

திருமண ஒளிப்படத்துக்கும் வேலை அப்படிப்பட்ட நாளில்தான். மணநாள் மாலையில் அதனை யார் வேண்டுமானாலும் வியந்து பார்ப்பர். முப்பதாண்டு கழித்து, பெற்றோர் மறைந்தபின், பிணங்கியிருக்கும் உடன்பிறந்தார் இருவர் ஒரு பக்கத்தைப் புரட்டும்போது, தூணருகே நின்ற தாயின் முகம் அங்கே இருக்குமா? ஆல்பம் எத்தனைப் பக்கம், விலை என்ன என்று கேட்டு ஒளிப்படக் கலைஞரை அமர்த்தும் நாம், இனி மற்றொரு கேள்வியையும் கேட்போம்: "ஐயா, தாலி கட்டும்போது நீங்கள் எங்கே நிற்பீர்கள்?" அதற்கு அவர் சொல்லும் விடையிலேயே, அவர் பையில் என்ன வில்லை உள்ளது என்பதும், நம் வீட்டார் யார் யாரை அவர் பார்க்கப் போகிறார் என்பதும் தெரிந்துவிடும்.